கெப்புக்கு ஒரு விரிப்பு

சம்மாந்துறையில் ஸுஹைறாவின் மூக்கைப் பற்றித் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் ஊருக்கு நேற்று வந்தவராகத்தான் இருக்க வேண்டும். பால் கேனின் மூடியைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும். எருமை எந்தப் பக்கம் மேய்ந்தது, கறந்தவன் கையைக் கழுவினானா இல்லையா, கேனை ஒழுங்காகக் காயவைத்தார்களா, எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்று பெயர். சும்மா பெயரில்லை, பத்தொன்பது வருடமாக அந்த வீட்டுக்குச் சோறு போட்ட பெயர். கல்முனைக் கடைகளில் ஆட்கள் வந்து, "ஸுஹைறாட தயிர் இரிக்கா?" என்றுதான் கேட்பார்கள். இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று போய்விடுவார்கள்.

அந்த மூக்கு செத்துப்போய் ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. இது அல்லாஹ்வுக்கும் ஸுஹைறாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

போன வருடம் நோன்புக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகிறபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தடிமன் என்றுதான் முதலில் நினைத்தாள். கொத்தமல்லி அவித்துக் குடித்தாள், ஆவி பிடித்தாள், கருஞ்சீரக எண்ணெய் விட்டாள். ஒரு நாள் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "என்ன ராத்தா, ஊரே மணக்குது" என்றாள். ஸுஹைறாவுக்கு வெந்நீர் கொதித்தது போலத்தான் இருந்தது. அடுப்படியில் குந்தியிருந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து யாரிடமும் மூச்சுக் காட்டவில்லை. மூக்கில்லாத தயிர்க்காரியிடம் யார் தயிர் வாங்குவார்கள்? புருசன் முனாப் எருமைப் பட்டியோடு தூரத்தில் கிடக்கிற மனுசன். பாலை அனுப்புவார், வியாழக்கிழமை பின்னேரம் வருவார், ஜும்ஆ தொழுதுவிட்டுப் போய்விடுவார். தயிர் என்றாலே அவருக்கு ஏவறை வரும், நாக்கில் வைக்கமாட்டார். இந்தக் குடும்பம் நின்றது அவளுடைய பெயரில்தான்.

ஆரம்பத்தில் சமாளித்தாள். மகள் அம்ஹா அடுப்படியில் கூடவே நிற்பாள். "உம்மா, புகை அடிக்குது" என்பாள், இவள் விறகைத் தள்ளுவாள். "உம்மா, அடிப்பிடிக்கப் போகுது" என்பாள், இவள் அகப்பையைப் போடுவாள். மகளின் மூக்கை இரவல் வாங்கித் தன் மூக்கென்று காட்டிக்கொண்டாள். ஆனால் நாலு மாதத்துக்கு முன்னால் அம்ஹாவுக்குப் பிள்ளை தங்கியது. அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயம்தான். அன்றிலிருந்து அவள் அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. சோறு வேகிற மணத்துக்கும் ஓங்காளிப்பாள், சவுக்காரத்துக்கும் ஓங்காளிப்பாள். குடிக்கிற தண்ணீரும் நாறுகிறது என்று அழுதாள். அந்த மூக்கை நம்பி என்ன செய்வது? ஸுஹைறா தனியாகப் பாலின் ஆடையைப் பார்த்தும், விரலை விட்டுச் சூட்டைப் பார்த்தும், கண்ணாலும் கையாலும் தயிர் போட்டுக்கொண்டிருந்தாள். 

அந்த நேரத்தில்தான் கெப்பும் வந்தது. மருமகன் றுமைஸ் மருதமுனைப் பிள்ளை. கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம். நல்ல பிள்ளை, தொழுகை தவறாத பிள்ளை. மாமிக்கு முன்னால் கால் மேல் கால் போடமாட்டான், முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கதைக்கமாட்டான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்ஹாவைக் கூப்பிட்டு, "மாமிக்கிட்டச் சொல்லுங்க" என்பான். மாமி அடுத்த அறையில்தான் இருப்பாள், அவளுக்குத் தெளிவாகக் கேட்கும், ஆனாலும் அம்ஹா வந்து சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு. பெண் வீட்டில் வந்து குடியிருக்கிற மாப்பிள்ளைமார் இந்தப் பக்கத்தில் அப்படித்தான். அவன் பின்னால் திறந்த தகரப் பெட்டி வைத்த ஒரு பழைய கெப்பை வாங்கிக் கொண்டுவந்து, இனித் தயிரை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று மனைவி மூலம் சொல்லியனுப்பினான். ஸுஹைறாவுக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

ஆனால் கெப் வந்த நாளிலிருந்து சட்டி உடைய ஆரம்பித்தது. த்ரீவீலில் போன காலத்தில் வாரத்துக்கு ஒன்று உடைந்தால் பெரிது. இப்போது நாளுக்கு நாலு, அஞ்சு. சில நாள் ஏழு. "இண்டைக்கு ஆறு சட்டி உடைஞ்சிட்டாம் உம்மா" என்று அம்ஹா வந்து சொல்வாள். றுமைஸ் முற்றத்தில் நின்று தலையைச் சொறிவான். உடைந்த ஓடுகளைக்கூடக் கெப்பில் கொண்டுவந்து காட்டியிருக்கிறான்.

ஸுஹைறா கெப்பின் பின்பெட்டியில் ஏறிப் பார்த்தாள். வெறும் தகரம், அதுவும் வரிவரியாய் மேடும் பள்ளமும். உப்புக்காற்றில் அங்கங்கே துரு. இதில் மண்சட்டியை வைத்தால் உடையாமல் என்ன செய்யும்? இதற்கு உள்ளே ஏதாவது விரிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். அதற்கு அவசரமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாய்ந்தமருதில் பழைய வாடிக்கைக்காரி அஸீஸாவின் மகனுக்குக் கல்யாண வலிமா விருந்து. எண்பது சஹன், ஒரு சஹனுக்கு ஒரு சட்டி, எண்பது சட்டித் தயிர் வேண்டும். சோறு வைத்த அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கிட்டத்தட்ட ஐந்நூறு பேர், ஊரில் கதைக்கத் தெரிந்த அத்தனை வாய்களும் அங்கே இருக்கும். அதில் ஒரு சட்டி பழுதானாலும் போதும், பத்தொன்பது வருடப் பெயர் மஃரிப் தொழுகைக்கு முன்னால் போய்விடும்.

வியாழக்கிழமை காலை, மருமகனோடு கல்முனைக்குப் போனாள். வாகனச் சாமான் விற்கிற ஜுனைட்டின் கடை, தலைக்கு மேலே டயர்களும் சீட் கவர்களும் தொங்குகிற கடை. ஜுனைட் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க ராத்தா! உங்கட தயிர் திண்டுதான் இந்த வண்டியே வந்த" என்று தன் தொந்தியைத் தட்டினான். பிறகு மூன்று சாமானைக் காட்டினான். முதலாவது கறுப்புப் பிளாஸ்டிக்கில் அச்சாக வார்த்த பெரிய தொட்டி, கெப்பின் பின்பெட்டிக்குள் அப்படியே இறக்கி வைக்க வேண்டியது. இரண்டாவது பூச்சு. பெயின்ற்றைச் சுரண்டிவிட்டு மருந்தை விசிறினால் காய்ந்து தோல் மாதிரிப் பிடித்துக்கொள்ளும், மாதிரிக்கு ஒரு தகரத் துண்டில் அடித்து வைத்திருந்தான். மூன்றாவது றபர் விரிப்பு. விரல் தடிப்பு, மேலே வரி வரியாய், சுருட்டி வைத்தால் இரண்டு பேர் தூக்க வேண்டும்.

"பூச்சுத்தான் உயிருள்ளவரைக்கும் நிக்கும் ராத்தா. ஆனா நாலு நாள் வண்டியை இஞ்ச விடணும்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு வலிமா ஓடர் இரிக்கி."

"அப்ப இந்த ரெண்டுலதான் ஒண்டு. மண்ணு, கல்லு, சீமெந்து ஏத்துறவங்களுக்கெண்டா நானே சொல்லிருவன், இதைப் போடுங்கண்டு. நீங்க ஏத்துறது தயிர். பால் சாமான் பக்கத்தில இரிக்கிற மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் எண்டு உங்களுக்குத் தெரியாதா? இதுக்கு நான் சொல்லக்கூடா. உங்கட மூக்குத்தான் சொல்லணும்."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கடையில் டயர் வாங்க வந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். றுமைஸ் ஓரமாக நின்றான். எல்லோரும் அவள் மூக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்! ஸுஹைறா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

பிளாஸ்டிக்கில் மூக்கை வைத்து மணந்தாள். ஒன்றுமில்லை. றபரை மணந்தாள், அதுவும் ஒன்றுமில்லை. ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏலம் போடுகிற இடத்தில் கொண்டுபோய் விட்டாலும் அவளுக்கு அதேதான், அத்தர்க் கடையில் விட்டாலும் அதேதான். யா அல்லாஹ், இந்த ஒரு தடவைக்கு மட்டும் திறந்து விடு என்று நெஞ்சுக்குள் கெஞ்சினாள். இன்னொரு மூச்சு இழுத்தாள். காற்று குளிராகப் போய்ச் சூடாக வந்தது, அவ்வளவுதான்.

கையால் தடவிப் பார்த்தாள். பிளாஸ்டிக் வழுக்கியது. மாவடிப்பள்ளி வீதியில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் சட்டியெல்லாம் ஒன்றோடொன்று மோதும். றபர் கையைப் பிடித்து நிறுத்தியது. அதன் மேல் வைத்த சட்டி ஆள் மௌத்தாகும் வரைக்கும் அசையாது. மணம் அவளுக்குத் தெரியாது. உடைந்த சட்டி தெரியும், அதை எண்ணிப் பார்க்கலாம். தெரிந்ததை வைத்துத்தானே மனுசர் முடிவெடுக்க வேண்டும்? அப்படி மனதுக்குச் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதுல மணமில்ல" என்றாள். குரல் அவளுக்கே நம்பிக்கையாகத்தான் கேட்டது. "இந்த றபரைப் போடுங்க."

றுமைஸ் தலையைத் தூக்கினான். "மாமி..." என்றான். அவன் நேராக மாமி என்று கூப்பிட்டதே புதினம்.

"என்ன மகன்?"

அவன் றபரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். "ஒண்டுமில்ல மாமி. நீங்க சொன்னாச் சரி."

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அம்ஹாவைக் கூப்பிட்டுக் கெப்புப் பக்கமாக நடத்திப் பார்த்தாள். அம்ஹா பத்தடி தள்ளியே வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். "உம்மா, இது நாறுது!"

"உனக்கு எதுதான் நாறல்ல? காலையில திங்கிற பாணும் நாறுது எண்ட."

"பாணும் நாறினதான்" என்றாள் அம்ஹா கிணற்றடியில் இருந்து.

பெரிய சாட்சி! ஸுஹைறா விடவில்லை. ஒரு கோப்பையில் பாலை ஊற்றி றபரின் மேல் மூடி வைத்தாள். ஒரு மணித்தியாலம் கழித்து வீட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் விட்டாள். பூனை மூன்று நக்கில் குடித்து முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று அவளைப் பார்த்தது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் அஸர் வரைக்கும் நின்றது. அஸர் தொழும்போதுதான், மீன் குடலையும் குப்பையையும் தின்னுகிற பூனைக்கு என்ன மணம் குணம் என்ற யோசனை வந்தது. எத்தனை றகஅத் தொழுதாள் என்பது மறந்து திரும்பவும் தொழுதாள்.

முனாப் அன்று பின்னேரம் வந்தார். றபரைக் குனிந்து பார்த்தார். "நல்ல தடிப்பு" என்றார். மணம் ஏதும் வருகிறதா என்று மெல்லக் கேட்டாள். "எருமைக்குள்ள கிடக்கிறவனுக்கிட்ட மணத்தைக் கேக்கிறா" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் பட்டியிலிருந்து பால் வந்தது. எண்பது சட்டிக்கு வீட்டுக்குள் இடம் போதாது. தயிர் ஒரு தடவை உறைந்துவிட்டால் அதைத் தூக்கி அசைப்பதும் நல்லதில்லை, தண்ணீர் விட்டுவிடும். ஆகவே ஸுஹைறா ஒரு யோசனை செய்தாள். சட்டிகளை முதலே கெப்புக்குள் வரிசையாக அடுக்கி, அங்கேயே இளஞ்சூட்டுப் பாலை ஊற்றி உறை போட்டு, மேலே தார்ப்பாய்ப் படங்கை இழுத்துக் கட்டிவிட்டால், விடியும்போது தயிர் வண்டிக்குள்ளேயே உறைந்து இருக்கும். ஏற்றுகிற வேலையும் இல்லை, உடைகிற பயமும் இல்லை. விரிப்பும் புதிது. இதைவிட வசதி என்ன இருக்கிறது? றுமைஸிடம் சொன்னாள். அவன் றபரை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "ஓம் மாமி" என்று சட்டிகளை எடுத்துக் கொடுத்தான். படங்கை இறுக்கிக் கட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டினான். அதை அவள் கண்டாள், கண்டும் வேலை அலுப்பு என்று வைத்துக்கொண்டாள். அப்படி வைத்துக்கொள்வதுதான் லேசாக இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் படங்கின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். மாஷா அல்லாஹ்! தயிர் இறுகி, மேலே மஞ்சள் ஆடை கட்டி, அசைத்தால் அசையாமல் இருந்தது. கண்ணுக்கு ஒரு குறை சொல்ல முடியாது. சட்டிகளின் வாய்க்குக் கடதாசி கட்டிவிட்டு, புதுப் புடவை உடுத்துக்கொண்டு கெப்பின் முன்சீட்டில் ஏறினாள். வலிமாவுக்கு அவளுக்கும் அழைப்பு இருந்தது. சட்டிகளைத் தன் கையாலேயே இறக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசை.

ஊரைத் தாண்டி இரண்டு பக்கமும் வயல் வந்ததும்தான் கவனித்தாள். றுமைஸ் கெப்பை மாட்டுவண்டி மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தான். சைக்கிளில் போகிறவன் முந்திக்கொண்டு போனான்.

"ஏன் மகன் இவ்வளவு மெதுவா?"

"சட்டி உடையும் மாமி."

"றபர் போட்டாச்சே. இனி எப்பிடி உடையும்?"

அவன் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கித் தலையை வெளிப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஓட்டினான். பின்னால் இருக்கிற சின்னக் கண்ணாடி ஜன்னலை இழுத்துச் சாத்தியிருந்தான். நெற்றியில் வியர்வை. காலை நேரம், வயல் காற்று வருகிறது, இவனுக்கு ஏன் வியர்க்கிறது?  வியாழக்கிழமையிலிருந்து அவள் ஓரமாகத் தள்ளித் தள்ளி வைத்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து மடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மாவடிப்பள்ளிப் பாலம் தெரிந்தது. பாலத்தைத் தாண்டினால் காரைதீவு, அதற்கப்பால் சாய்ந்தமருது. அங்கே போய்விட்டால் பிறகு திரும்ப முடியாது.

"நிப்பாட்டுங்க" என்றாள்.

"மாமி?"

"கெப்ப நிப்பாட்டுங்க மகன்."

வாய்க்கால் ஓரமாக நிறுத்தினான். இருவரும் இறங்கிப் பின்னால் போனார்கள். அவளே படங்கின் கயிற்றை அவிழ்த்தாள்.

"ஒரு சட்டிய எடுத்து மணந்து பாத்துச் சொல்லுங்க."

றுமைஸ் சட்டியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். "நீங்கதானே பாத்த மாமி."

"நான் பாத்தது இரிக்கட்டும். நீங்க பாருங்க."

"உங்கட மூக்குக்கு முன்னால நான் என்னத்தை..."

"மணக்குதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"நீங்க மணமில்லண்டு சொன்னீங்க. அப்ப மணமில்ல மாமி. எனக்குத்தான் ஏதோ மாதிரி..." மேற்கொண்டு சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டாலும் இந்தப் பிள்ளை மாமி சொன்னதை மறுத்து ஒரு சொல்லும் சொல்லமாட்டான். அவள் மணமில்லை என்று சொன்ன வரைக்கும் அவனுக்கும் மணமில்லை. அவன் வாயிலிருந்து உண்மை வர வேண்டுமென்றால், அதற்கு முதல் அவள் வாயிலிருந்து வர வேண்டும்.

வீதியில் ஒரு பஸ் போனது. அது போய் முடியும் வரைக்கும் நின்றாள்.

"மகன், எனக்கு மணம் தெரியா" என்றாள். "போன வருசம் காய்ச்சலுக்குப் பிறகு ஒண்டுமே தெரியா. நான் கடையில மணந்து பாத்தது பொய். ஒண்டேகால் வருசமாச்சு. உங்கட மாமாவுக்கும் தெரியா, அம்ஹாவுக்கும் தெரியா. அல்லாஹ்வுக்காகக் கேக்கன், இருக்கிறதை இருக்கிற மாதிரிச் சொல்லுங்க."

றுமைஸ் இந்த ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.  பிறகு பின்பெட்டிக்குள் குனிந்தான். ஒரு சட்டியின் கடதாசியை நீக்கி மணந்தான், சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தான். நடுவில் இருந்து இன்னொன்று. மறுகோடியில் இருந்து இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டயர் எரிஞ்ச மாதிரி மாமி" என்றான் மெதுவாக. "எல்லாம்தான். வாயில வைக்க ஏலா."

"எல்லாமா?"

"ஓம். எண்பதும்."

ஸுஹைறா கெப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயந்தது வந்துவிட்டது. வந்த பிறகு ஏதோ ஒரு வகையில் மூச்சு விட முடிந்தது. சாய்ந்தமருதில் ஐந்நூறு பேர் வாயில் வைப்பதற்கு முன்னால் தெரிந்ததே, அதற்காவது ரஹ்மானுக்கு நன்றி என்று நினைத்தாள். "சட்டி உடையாமக் கொண்டு போகணும் எண்டு பாத்து, தயிரையே கெடுத்துட்டன்" என்றாள்.

றுமைஸ் சட்டியின் கடதாசியைத் திரும்ப மூடினான். பிறகு, "மாமி, இன்னொண்டும் சொல்லணும்" என்றான்.

"சொல்லுங்க."

"சட்டி தானா உடையல்ல."

"என்ன?"

"ஒரு நாளும் உடையல்ல மாமி. கடைக்காரங்க திருப்பித் தந்த. புகை மணக்குதாம், அடிப்பிடிச்ச மணமாம். எனக்கும் மணந்துதான். ஆனா உங்களுக்கிட்ட நான் எப்பிடிச் சொல்ற? ஸுஹைறாட தயிர் மணக்குதெண்டு, நேத்து வந்த மருமகன் சொல்றதா? அதான் தயிர இந்த ஆத்துல கொட்டிட்டு... உடைஞ்சிட்டெண்டு சும்மா சொன்னாப் பொய்யாகிடும் எண்டு, சட்டிய நானே கல்லுல அடிச்சு உடைச்சன்."

"நாலு மாசமாவா?"

"ஓம்."

"நாலு மாசம்! உங்கட வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா இருந்த?" ஸுஹைறா கத்திவிட்டாள். வரம்பில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. "ஒரு சொல்லு சொல்லியிருக்கக் கூடாதா? நான் நல்ல தயிர் போட்றன் போட்றன் எண்டு ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டு... உடையாத சட்டிக்கு விரிப்புத் தேடி அலைஞ்சிரிக்கன்! நீங்களும் கூட வந்து, நீங்க சொன்னாச் சரி மாமி, நீங்க சொன்னாச் சரி மாமி..."   இவனை என்ன சொல்லித் திட்டுவது? நாலு மாதம் அவன் மறைத்தானென்றால், ஒன்றே கால் வருடம் அவள் மறைத்திருக்கிறாள். வெட்கம் உடம்பெல்லாம் எரிந்தது. "கடைக்காரங்க இப்ப ஆருக்கிட்ட எடுக்கிறாங்க?" என்று கேட்டாள்.

 "வீரமுனை நல்லரெத்தினம் அண்ணன்ட தயிர்."

பத்தொன்பது வருடமாக அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மனுசன்! கல்முனைக் கடைக்காரர்கள், ஸுஹைறாட தயிர் முடிந்தால்தான் அவருடைய சட்டியைத் திறப்பார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவருக்கிட்ட இப்ப எத்தினை சட்டி இரிக்கிம், கேளுங்க."

"மாமி..."

"கேளுங்க மகன். ஒரு மணிக்குச் சோறு வைப்பாங்க."

றுமைஸ் அந்தப் பக்கம் போய்த் தொலைபேசியில் கதைத்தான். அவள் அஸீஸாவுக்கு எடுத்தாள். பின்னால் சோற்றுக் கிடாரங்கள் தூக்கி வைக்கிற சத்தமும் ஆட்களின் கூச்சலும் கேட்டது. "எங்க வாறீங்க ராத்தா?" என்று அஸீஸா சந்தோசமாகக் கேட்டாள்.

"அஸீஸா, என்ட தயிர் பழுதாப் போச்சு. என்ட பிழைதான். வேற ஆள்ட தயிர்தான் கொண்டு வாறன்."

"என்ன ராத்தா கதைக்கிறீங்க? ஸுஹைறாட தயிர் எண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கன்!"

"சொன்னா, இல்லையெண்டும் சொல்லு. நான் வந்து எல்லாருக்கும் சொல்றன்."

அஸீஸா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸுஹைறா அதைக் கேட்காமல் தொலைபேசியை வைத்தாள்.

"அம்பத்தஞ்சு சட்டி இரிக்காம்" என்று றுமைஸ் வந்து சொன்னான். "ஆருக்கெண்டு கேட்டாரு. சொன்னன். மிச்சத்தைத் தெரிஞ்ச வீடுகள்ல சேத்துத் தாறாராம், வரச் சொல்றாரு. இதையெல்லாம் இறக்கினாத்தான் மாமி ஏத்தலாம். றபரையும் கழட்டணும்."

"தகரத்துல வெச்சா உடையாதா?" என்று வாய் தவறிக் கேட்டாள். கேட்டுவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

சட்டிகளை வாய்க்கால் கரையில் இறக்கத் தொடங்கினார்கள். அவன் மேலே நின்று எடுத்துக் கொடுத்தான், அவள் கீழே வாங்கிப் புல்லில் வரிசையாக வைத்தாள். புதுப் புடவையில் சேறு பட்டது. எல்லாம் முடிந்து அவன் றபரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கரையில் குந்தி ஒரு சட்டியின் கடதாசியைக் கிழித்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து ஆடையோடு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள்.

"மாமி, அதைத் தின்னாதீங்க!" என்று றுமைஸ் மேலேயிருந்து கத்தினான்.

அவள் மென்றாள். ஆடை தடிப்பாக இருந்தது, தயிர் குளிர்ந்து, இறுகி, அளவாகப் புளித்திருந்தது. இன்னொரு பிடி அள்ளித் தின்று பார்த்தாள். அவளுக்கு அது நல்ல தயிராகவே இருந்தது.